பத்துத் தாள்

இந்த வருஷம் ஜனவரி 3, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி, பையைத் திண்ணையில போட்டதும் போடாததுமா கேட்டா: "தாத்தா, அப்பா எப்ப வரும்?"

மூணு மாசமா கேக்குற கேள்விதான். பிள்ளை ஒண்ணாம் வகுப்பு. அவ அப்பா, அதாவது என் மகன், போர்வெல் வண்டியில வேலை பாக்குறான். வண்டி மத்தியப் பிரதேசத்துல நிக்குது. எங்க பக்கத்துல மழையை நம்பி ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிற வீட்டுல, ஒருத்தர் வெளியில போய் சம்பாதிச்சாத்தான் வண்டி ஓடும். அவன் போனதுல இருந்து நாங்க எல்லாரும் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன பதில் ஒண்ணே ஒண்ணுதான். "நாளைக்கு வந்துரும்த்தா." நானும் சொன்னேன், அவ அப்பத்தாவும் சொன்னா, மருமகளும் சொன்னுச்சு. சொல்லி வாயை அடைச்சுட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிருவோம்.

அன்னிக்கு நிஜமாவே தேதி தெரிஞ்சிருந்துச்சு. போகிக்குக் காலையில வந்து இறங்குறேன்னு மகன் போன் பண்ணியிருந்தான். அந்தச் சந்தோசத்துல நான் சுவத்துல தொங்குற தினசரி காலண்டரைக் காட்டி, "இன்னும் பத்துத் தாள் கிழிச்சா அப்பா வந்துரும்"னு சொல்லிட்டு, பால் கறக்கப் போயிட்டேன்.

கறந்து ஊத்திட்டுத் திரும்பி வந்தா, பிள்ளை தீபாவளிக்கு எடுத்த பாவாடை சட்டையைப் போட்டுக்கிட்டு, தலைக்குத் தண்ணியைத் தொட்டுச் சீவிக்கிட்டு, திண்ணையில ரோட்டைப் பாத்து உக்காந்திருக்கு. மடியில பத்துத் தாள். சுவத்துல காலண்டர் 13-ன்னு காட்டுது. போகிப் பண்டிகை.

"கிழிச்சிட்டேன் தாத்தா. அப்பா எங்க வந்துக்கிட்டிருக்கு?"

அவ அப்பத்தா சிரிச்சுட்டா. எனக்குச் சிரிப்பு வரல. அந்தப் பிள்ளை மேல தப்பே இல்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செஞ்சிருக்கு. தாளைக் கிழிச்சா நாள் போகும்னு அதுக்குத் தோணியிருக்கு. நாள் போனதுக்கு அப்புறம்தான் தாளைக் கிழிக்கணும்கிறதை யாரு சொல்லிக் குடுத்தோம்?

என்ன சொல்றதுன்னு தெரியாம பிள்ளையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு வரப்புப் பக்கம் போனேன். மார்கழிப் பனி இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. மேக்க வானத்துல பிறை. அதை ஒட்டினாப்புல விளக்கு ஏத்தி வச்ச மாதிரி ஒரு வெள்ளி. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெள்ளிக்கோள் பிறைக்குப் பக்கத்துல வந்து நின்னது. நீங்க டவுன்ல மாடியில நின்னு பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும்.

"அந்த நிலா இப்ப எம்புட்டு இருக்கு?"

"வெட்டுன நகம் மாதிரி இருக்கு."

"அது தினம் கொஞ்சம் கொஞ்சமா வளந்து, முழு வட்டமா ஆகுற அன்னிக்குத்தான் போகி. அன்னிக்குத்தான் அப்பா வரும். நீ தாளைக் கிழிச்சே, நிலா வளந்துச்சா?"

கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம், "நிலாவைக் கிழிக்க முடியாதுல்ல தாத்தா"ன்னு சொன்னுச்சு. அதுக்கு மேல நான் விளக்க வேண்டியிருக்கல. வீட்டுக்கு வந்து, 3-ல இருந்து 12 வரைக்கும் பத்துத் தாளையும் வரிசையா அடுக்கச் சொன்னேன். துணி கிளிப்பு ஒண்ணை மாட்டி, அட்டையிலேயே திரும்பத் தொங்க விட்டோம். அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பிள்ளைக்குக் காலண்டர் பாக்கச் சொல்லிக் குடுத்துரணும்னு.

சொல்லிக் குடுக்க உக்காந்தப்பத்தான் தெரிஞ்சது, நம்ம தினசரித் தாள் ஒரு சின்னப் பிள்ளைக்கு எம்புட்டுக் குழப்பம்னு. நடுவுல பெருசா இங்கிலீஷ் தேதி. ஓரத்துல தமிழ்த் தேதி. இன்னொரு மூலையில முஸ்லிம் தேதி. கீழ நட்சத்திரம், திதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், ராசிபலன். ஒரே தாள்ல மூணு கணக்கு ஓடுது. சிவகாசியில ஆடிப்பெருக்கு அன்னிக்கே அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரியை வெளியிட்டுருவாங்க. நம்ம கைக்கு வரும்போது உரக்கடை பேரும் மண்டிக்காரர் பேரும் அச்சடிச்சு வரும். பெரியவங்களுக்குப் பழகிப்போச்சு. ஆறு வயசுப் பிள்ளை அதுல எதைப் பாக்கும்?

அதனால தாளை ஓரமா வச்சுட்டு, முதல்ல நேத்து, இன்னிக்கு, நாளைக்கு இந்த மூணை மட்டும் எடுத்துக்கிட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு நடந்து முடிஞ்சது எல்லாமே நேத்துதான். போன தீபாவளியும் நேத்துதான். ராத்திரி படுக்கும்போது, "இன்னிக்கு என்ன சாப்பிட்டே? நேத்து யாரு வந்தா? நாளைக்கு எந்த வயலுக்குத் தண்ணி கட்டுவோம்?"னு கேட்டேன். மூணு நாள்ல பிடிச்சுக்கிச்சு.

அடுத்தது கிழமை. இதுக்கு நான் கஷ்டப்படவே இல்லை. அரசுப் பள்ளிக்கூடத்துலயே காலைச் சாப்பாடு போடுறாங்க. 2022 செப்டம்பர் 15-ல மதுரையில ஆரம்பிச்ச திட்டம். மறு வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. கிழமைக்கு ஒரு சாப்பாடு. "புதன்னா பொங்கல் தாத்தா"ன்னு பிள்ளை தானா சொன்னுச்சு. வியாழன் அய்யலூர் ஆட்டுச்சந்தை. அன்னிக்கு என் சட்டையில ஆட்டு வாசம் அடிக்கும்னு அதுக்குத் தெரியும். வெள்ளி வீடு கழுவுறது. சனி எண்ணெய் தேச்சுக் குளிக்கிறது, கண்ணு எரியுதுன்னு அழுகுறது. ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை. வயித்துலயும் மூக்குலயும் ஏழு கிழமையும் ஏற்கெனவே இருக்கு. நான் பேரை மட்டும் கோத்து விட்டேன். ஞாயிறுன்னா சூரியன், திங்கள்னா நிலா, நீ அன்னிக்குப் பாத்தியே, அதுதான் வெள்ளின்னு சொன்னப்ப, கிழமையெல்லாம் வானத்துல இருக்குன்னு அதுக்கு ஒரே ஆச்சரியம்.

மூணாவதாத்தான் மாசக் காலண்டர். ஒரே பக்கத்துல மாசம் முழுக்கக் கட்டம் கட்டமாத் தெரியுமே, அது. ஜனவரி 1 இந்தத் தடவை புதன். அதனால முதல் வரிசையில ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூணு கட்டமும் காலி. "இந்த வீட்டுல யாரும் இல்லையா?"ன்னு கேட்டுச்சு. "இருந்தாங்க, போன மாசத்துக்காரங்க. அவங்க டிசம்பர்ல குடியிருக்காங்க"ன்னேன். வெள்ளிக்குக் கீழ விரலை வச்சு இழுக்கச் சொன்னேன். 3, 10, 17, 24, 31. ஒரு கட்டம் கீழ இறங்கினா ஏழு நாள் கூடும். இன்னும் ஏழாம் வாய்ப்பாடு படிக்காத பிள்ளை, காலண்டர்ல ஏழு ஏழா இறங்கிருச்சு.

எந்த மாசத்துக்கு 31, எதுக்கு 30-ன்னு எண்ண, என் வாத்தியார் எனக்குச் சொல்லிக் குடுத்த முட்டிக் கணக்கைச் சொல்லிக் குடுத்தேன். கையை மூடிக்கிட்டு, முட்டி மேல வந்தா 31, பள்ளத்துல விழுந்தா குறைச்சல். ஜூலை கடைசி முட்டி, ஆகஸ்ட் திரும்ப முதல் முட்டி. ரெண்டுமே 31. பிப்ரவரிதான் பள்ளத்துலயும் பள்ளம். தமிழ் மாசத்துக்கு முட்டி உதவாது. சூரியன் ஒரு ராசியைக் கடக்க எத்தனை நாள் ஆகுதோ அதுதான் நம்ம மாசம். ஆனி சில வருஷம் 32 நாள் வரும். மார்கழிக்கு இந்தத் தடவை 29 நாள்தான். பூமி ஜனவரியில சூரியனுக்குக் கிட்டக்க இருந்து வேகமா ஓடுது, ஜூலையில எட்டப் போய் மெதுவா நடக்குது, அதனாலதான் இந்த ஏத்த இறக்கம்னு என் மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். இத்தனை வருஷம் ஆனியில நிலத்தை உழுது போட்டுட்டு, ஆடி எப்பப் பிறக்கும்னு காத்துக் கிடந்திருக்கேன். மாசம் நீளம்னு தெரியும், ஏன்னு தெரியாது.

தேதிங்கிறது எங்க வீட்டுக்கு ரொம்பப் பழைய சொந்தம் இல்லை. என் சர்டிபிகேட்ல பிறந்த தேதி ஜூன் 1. என் வயசுக்காரங்க நெறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொட்டா வயசு அஞ்சு. பள்ளிக்கூடம் திறக்குற ஜூன் மாசத்துல இருந்து பின்னாடி எண்ணி ஒரு தேதியைப் போட்டுருவாங்க. எங்கம்மாவைக் கேட்டா, "ஆடிப் பதினெட்டு முடிஞ்சு வந்த புதன்கிழமை, உச்சிப்பொழுது"ம்பா. எழுதப் படிக்கத் தெரியாதவ. கிழமையும் பொழுதும் கடைசி வரைக்கும் மறக்கல. மகள் போன்ல தேடி, 1970 ஆகஸ்ட் 5 புதன்கிழமைன்னு சொன்னப்ப எனக்கு வயசு அம்பதைத் தாண்டிருச்சு. அம்மா அப்ப உயிரோட இல்லை. நான் பிறந்த நாளை அவ சரியாத்தான் வச்சிருந்திருக்கா. நாங்கதான் அதை ஒரு தேதியா மாத்திக் கேக்கத் தெரியாம இருந்திருக்கோம்.

இந்தத் தாள் கிழிச்ச கதையை மகள்கிட்ட சொன்னப்ப அவ சிரிச்சுட்டு, "அப்பா, இதே வேலையை ரோமாபுரியில போப்பாண்டவரே செஞ்சிருக்காரு"ன்னா. 1582-ல, பழைய காலண்டர் சூரியனோட ஒத்துப் போகலைன்னு, அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15-ன்னு போப் கிரிகோரி அறிவிச்சாராம். சரியாப் பத்துத் தாள்! இங்கிலாந்து அதைக் கேக்காம இருந்துட்டு, 1752-ல செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14-ன்னு பதினோரு தாளைக் கிழிச்சுது. இதுல எனக்குப் பிடிச்ச விசயம், கிழமையில யாரும் கை வைக்கல. அக்டோபர் 4 வியாழன், மறுநாள் 15 வெள்ளி. தேதி மனுசன் எழுதுறது, அடிச்சுத் திருத்தலாம். ராத்திரி விடிஞ்சு அடுத்த கிழமை வர்றதை யாரு தடுக்க முடியும்? பேத்திக்கிட்ட சொன்னேன். "அந்தத் தாத்தாவுக்கும் அவங்க அப்பா வரணுமா?"ன்னு கேட்டுச்சு.

தினம் காலையில பள்ளிக்கூடம் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தாளை உருவும். சாயங்காலம் வரப்புல நின்னு நிலாவைப் பாக்கும். மாசக் காலண்டர்ல 13-ஐச் சுத்தி சிவப்பு வட்டம் போட்டு வச்சிருந்துச்சு.

12-ம் தேதி ராத்திரி, பிள்ளை தூங்கின பிறகு மகன் போன். குழியில சுத்தியல் மாட்டிக்கிச்சு, எடுக்காம வண்டி நகராது, வண்டிக்காரர் விட மாட்டேங்கிறார், 16 காலையிலதான் வர முடியும்னான். குரல் ஒடஞ்சிருந்துச்சு. அவனைத் திட்ட எனக்கு மனசு வரல.

போனை வச்சதும் அவ அப்பத்தா மெதுவாச் சொன்னா: "ஏங்க, 12-ஐக் கிழிக்காம அப்படியே விட்ருவோம். மூணு நாள்தானே? பிள்ளைக்கு எங்க தெரியப் போகுது?"

உண்மையைச் சொல்றேன், எனக்கும் அந்த யோசனை பிடிச்சுது. எழுந்து போய், அந்தத் தாள் உருவ வராதபடி கிளிப்பை நல்லா இறுக்கி வச்சேன். கை அதுல இருக்கும்போது ஜன்னல் வழியா பாத்தா, முற்றம் பகல் மாதிரி கிடக்கு. நிலா நிறையறதுக்கு ஒரு நாள் பாக்கி. பத்து நாளைக்கு முன்னாடி நான்தானே அதைச் சாட்சியாக் கூப்பிட்டேன். கிளிப்பைத் திரும்பத் தளர்த்தி விட்டுட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரல.

விடிஞ்சதும் பிள்ளையே எழுந்து தாளை உருவுச்சு. 13. என்னைப் பாத்துச்சு. பக்கத்துல உக்கார வச்சு நடந்ததைச் சொன்னேன். அழும்னு நெனச்சேன். அழுகல. "போன் போடுங்க தாத்தா"ன்னுச்சு.

அவன் எடுத்ததும், "ரெண்டே நாள்ல வந்துர்றேன் தங்கம்"னான்.

"ரெண்டு நாள் வேணாம்ப்பா. தேதி சொல்லுங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "பதினாறு."

"என்ன கிழமை?"

பக்கத்துல யாரையோ கேட்டுட்டு, "வியாழன்"னான்.

பிள்ளை மாசக் காலண்டர்ல 16-ஐத் தேடி, மேல வியாழன்தானான்னு விரலை வச்சுப் பாத்துட்டு, புதுசா ஒரு வட்டம் போட்டுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் கெழக்க நிலா முழுசா எழும்புச்சு. போகிக்குக் காப்புக் கட்டிக்கிட்டு இருந்தேன், பக்கத்துல வந்து நின்னு, "நிலா வந்துருச்சு தாத்தா, அப்பாதான் வரல"ன்னு சொன்னுச்சு. நெஞ்சுல யாரோ கல்லை வச்ச மாதிரி ஆயிருச்சு. நிலா சொன்ன நாளுக்கு வந்துருச்சு. நாமதான் வரல.

16 விடியக்காலம் மகன் வந்து இறங்கினான். பொங்கல் முடிஞ்சு போச்சு. பிள்ளை 15-ம் தேதித் தாளைக் கிழிக்காம வச்சிருந்து, அவன் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், அவனையே கிழிக்க வச்சுது.

அவன் இருக்கும்போதே கோழிக் கணக்கு ஒண்ணும் ஆரம்பிச்சோம். ஜனவரி 24, வெள்ளிக்கிழமை, பதினோரு முட்டை வச்சு அடை படுக்க வச்சோம். கோழிக்கு 21 நாள். மூணு கட்டம் கீழ இறங்கணும். வெள்ளிக்கு வச்சா வெள்ளிக்குப் பொரிக்கும். மாசம் மாறுதே, எப்படி இறங்குறதுன்னு பிள்ளை திகைச்சுது. 31-ல இருந்து அடுத்த தாளுக்குத் தாவி, பிப்ரவரி 7, 14-ன்னு தானே எண்ணுச்சு. சொன்னபடி 14-ம் தேதி எட்டுக் குஞ்சு. ஒண்ணு மட்டும் 13-ம் தேதியே வெளிய வந்துருச்சு. "இதுக்குக் காலண்டர் தெரியாது"ன்னு சொல்லி அந்தக் குஞ்சுக்கு மட்டும் தனியாக் குருணை போடுது.

அதுக்குள்ள பிப்ரவரி 2 வந்து, மகன் திரும்பிப் போயிட்டான். முன்னெல்லாம் பிள்ளை தூங்கும்போது கிளம்பிருவான். முழிச்சதும் அழுகும். நாங்க "நாளைக்கு வந்துரும்"போம். இந்தத் தடவை அப்படி நழுவ முடியல. முதல் நாள் ராத்திரியே காலண்டரையும் பேனாவையும் எடுத்துட்டு வந்து அவன் முன்னாடி வச்சிருச்சு. அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். வண்டிக்காரருக்கு ஒரு போன் பேசினான். அப்புறம் ஏப்ரல் 13-ல தன் கையாலயே வட்டம் போட்டான். சித்திரை ஒண்ணுக்கு முதல் நாள். ஞாயிறு கிளம்பி ஞாயிறு வர்றான். பிள்ளை எண்ணிப் பாத்துச்சு, சரியாப் பத்துக் கட்டம். "பத்துத் தாள் இல்ல தாத்தா, பத்து வாரம்"னு அதுவே வித்தியாசம் சொன்னுச்சு. அந்த வாரம்தான் கிணத்தடியில சின்ன வெங்காயம் ஊனினோம். அதுக்கும் எழுபது நாள்தான். தாள் சாயும்போது அப்பா வரும்னு சொல்லி வச்சிருக்கேன். வெங்காயத்துலயும் தாள்தான், பாத்தீங்களா.

நண்பர்களே, உங்க வீட்டுல போன்லயே தேதி இருக்கும். இருந்தாலும் பிள்ளைக்குச் சுவத்துல ஒரு மாசக் காலண்டர் மாட்டிக் குடுங்க. கிழமையைச் சாப்பாட்டுல இருந்து தொடங்குங்க. அது காத்திருக்கிற ஒரு நாளைச் சுத்தி அதையே வட்டம் போட விடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். காலண்டர் படிச்ச பிள்ளைக்கிட்ட அப்புறம் "நாளைக்கு"ன்னு சும்மா சொல்ல முடியாது. நாம குடுக்குற வாக்கை அது எண்ணிக்கிட்டே இருக்கும். படிக்க வேண்டியது பிள்ளை மட்டும் இல்லை.

இதை எழுதுற இன்னிக்கு மார்ச் 30, ஞாயிறு. இன்னும் ரெண்டு கட்டம். சாயங்காலம் பேகம்பூர்ல இருந்து என்கிட்ட ஆடு வாங்குற பாய் போன் பண்ணினார், "பிறை தெரிஞ்சிருச்சு, நாளைக்குப் பெருநாள்"னு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வரப்புக்குப் போனேன். மேக்க, நூல் மாதிரி.

"தாத்தா, நிலா ஆரம்பிச்சிருச்சு"ன்னுச்சு.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பாத்தேன். பௌர்ணமி ஏப்ரல் 12. மகனுக்கு உடனே போன் போட்டேன். "என்னப்பா இந்நேரத்துல?"ன்னான். "ஒண்ணும் இல்லப்பா, டிக்கெட் எடுத்துட்டியா?"ன்னு கேட்டேன்.